பதிவுத் தபால்

யேசு மரி சூசை

கொழும்பு
16.09.1979

அன்புள்ள பேணாட் அண்ணாவுக்கும் றோஸ் மச்சாளுக்கும்,

ஆண்டவருடைய கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். மரீனாவின் இருமல் நின்றுவிட்டதா?

தொண்டர் சங்கத்தின் பயிற்சி தொடங்கி இரண்டு கிழமை ஆகிறது. எங்கள் தொகுதியில் பதினான்கு பேர். தொண்டர் ஆசிரியர் என்றால் வகுப்பில் நின்று படிப்பிப்பது மட்டும்தான் என்று நினைத்து வந்தேன். இங்கே காலையில் மலேரியாவும் பாம்புக்கடியும். மத்தியானம் தண்ணீர் வடிக்கிற முறை. பின்னேரம் கரும்பலகையும் புத்தகமும் இல்லாமல் பாடம் நடத்துவது. நேற்று எங்களை ஒரு வெறும் வளவில் விட்டுப் பின்னம் படிப்பிக்கச் சொன்னார்கள். கிண்ணியா ஸெய்னுதீன் மாஸ்டர் ஒரு பப்பாசிப்பழத்தை வெட்டி எட்டில் மூன்றைக் காட்டினார். பாடம் முடிந்ததும் எல்லோருக்கும் பங்கு வைத்தார். அவருக்குக் கிடைத்த நாடு யேமன். எனக்குச் சாம்பியா. கார்த்திகையில் பயணம், தை மாதம் பள்ளிக்கூடம்.

எங்களைப் பழக்குகிற அம்மா ஒவ்வொரு நாளும் சொல்வது ஒன்றுதான்: "நீங்கள் ஊர் திருத்தப் போகேல்ல, படிப்பிக்கப் போறியள். பிழை ஏதும் கண்டால் முதல் வாயை மூடிக்கொண்டு பாருங்கோ. பிறகு எழுதுங்கோ."

ஸ்ரேசனில் என்னோடு ஒரு சொல்லும் கதைக்காமல் நின்றீர்களே, அண்ணா. கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
எல்சி


பாலையூற்று, திருகோணமலை
25.09.1979

அன்புத் தங்கச்சி எல்சிக்கு,

இங்கு மூவரும் சுகம். மரீனாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபம் இல்லை. எனக்குக் கதைக்க வரவில்லை, அவ்வளவுதான். அப்பா சாகும்போது உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து உன்னை நான் கண்ணுக்கெட்டாத இடத்துக்கு விட்டதில்லை. உனக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஏன் போகிறாய் என்று கேட்க நினைத்தேன். நீ பதில் வைத்திருப்பாய் என்று தெரிந்து கேட்கவில்லை.

சீனன்குடாவில் எனக்கு வேலை அப்படியே போகிறது. களஞ்சியத்தில் புது மேலாளர். நான் உண்டு, என் பேரேடு உண்டு என்று இருக்கிறேன். நீயும் அங்கே அப்படி இரு. அந்த அம்மா சொன்னதில் முதல் பாதியை மட்டும் மனதில் வை.

றோஸ் மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டி அனுப்புகிறாள்.

அண்ணன்
பேணாட்


சாம்பியா
27.01.1980

அன்புள்ள அண்ணா, மச்சாள், மரீனாக் குட்டி,

வந்து சேர்ந்து சுகமாக இருக்கிறேன். நத்தாருக்கு, பாலன் பிறந்த இரவில், உங்களை நினைத்து அழுதேன், இப்போது அழவில்லை.

தலைநகரில் ஆறு கிழமை மொழி படித்தோம். கடைசி நாள் எங்களுக்குப் பொறுப்பான இணைப்பாளர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பெயரையும் ஊரையும் வாசித்தார். பட்டணம் கிடைத்தவர்கள் கைதட்டினார்கள். என் பெயருக்கு வந்த ஊரைத் தேசப்படத்தில் தேடினேன், இல்லை. "கிழக்கில், ஆற்றுக்கு அப்பால்" என்றார். லொறியில் இரண்டு நாள். நான் கேட்டுக்கொண்டு வந்த வேலை இது, குறை சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் நல்லது, அண்ணா. பிள்ளைகள் பத்து மைல், இருபது மைல் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். நான் கணிதமும் விஞ்ஞானமும். மலீத்தா என்று ஒருத்தி, பதின்மூன்று வயது, நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்க முன்னம் விடை சொல்லிவிடுவாள். "மற்றவையையும் யோசிக்க விடு பிள்ளை" என்றால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு துள்ளுவாள். சாப்பாடு சோளமாக் களி. மிளகாய்த்தூள் இல்லாவிட்டால் செத்திருப்பேன்.

தலைமை ஆசிரியர் திரு. ம்வாலே கண்டிப்பானவர், ஆனால் மரியாதையானவர்.

அன்புடன்
எல்சி


பாலையூற்று
24.02.1980

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு வீடே சந்தோஷப்பட்டது. ஆண்டவருக்குத் தோத்திரம். எங்களுக்கும் சுகக்குறைவு இல்லை.

கோயிலில் பங்குச்சுவாமி உன்னைப் பற்றிப் பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிய எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருந்தெருவில் சோமசேகரம் மாஸ்டரைக் கண்டேன், "உம்முடைய தங்கச்சி எங்கட ஊருக்குப் பேர் எடுத்துத் தாறா" என்றார். அப்பாவின் பிள்ளைகள் என்று எங்களை யாரும் இப்படி நிறுத்தி மரியாதையாகக் கதைத்ததில்லை.

நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைய வருகிறார்கள். மீன் அவர்களுக்குத்தான், எங்களுக்கு விலை கேட்கவே ஏலாது.

மலீத்தாவுக்கு எங்கள் அன்பைச் சொல்.

அண்ணன்
பேணாட்


சாம்பியா
30.03.1980

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் தனியே வாசியுங்கள்.

பெண்பிள்ளைகளின் விடுதியைப் பற்றி எழுதவேண்டும். நீளமான மண்சுவர்க் கட்டடம், புல்லுக்கூரை. ஒரே ஒரு கதவு. யன்னல்களுக்கு இரும்புவலை அடித்திருக்கிறது. பின்னேரம் ஆறரைக்கு எல்லோரையும் உள்ளே விட்டுத் தலைமை ஆசிரியர் வெளியே பூட்டுப் போடுகிறார். திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில். அவர் வீடு விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம். உள்ளே பிள்ளைகள் படிப்பது மண்ணெண்ணெய் விளக்கில். மழை நின்றால் அந்தக் கூரை எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவரிடம் கேட்டேன். "போன வருசத்துக்கு முதல் வருசம் ரெண்டு பிள்ளையள் ஓடிப்போட்டினம். தாய் தகப்பன் வந்து என்ர கழுத்தைப் பிடிச்சவை. பூட்டினாப்பிறகு ஒருத்தியும் ஓடேல்ல" என்றார். திறப்பை என்னிடம் தாருங்கள், நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்றேன். "நீங்கள் ரெண்டு வருசத்தில போயிடுவியள்" என்று சிரித்தார். மாசி மாதம் வந்த இணைப்பாளரிடம் சொன்னேன். அவர் தலைமை ஆசிரியரோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இங்கிருந்து போகிற தபால்பை தலைமை ஆசிரியரின் மேசையில்தான் கட்டப்படுகிறது. சங்கத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதமும் போகவில்லை. வீட்டுக்கு எழுதுவதை அவர் தொடுவதில்லை. அதனால் இதற்குள்ளே ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கொழும்பில் எங்கள் சங்கத்தின் செயலாளருக்கு. அவர் ஒரு வரி எழுதினால் இங்கே மந்திரி காரியாலயம் வரை போகும். பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பிந்தவேண்டாம், அண்ணா. சித்திரையோடு மழை முடிந்துவிடும்.

எல்சி


பாலையூற்று
01.05.1980

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம். இங்கு எல்லோரும் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. உள்ளே இருந்ததும் கிடைத்தது. பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நீ அதைப் பற்றி இனி யோசியாதே. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தலைமை ஆசிரியரோடு முகம் கொடுத்து நட. அவரும் பிள்ளைகளின் நன்மைக்குத்தானே செய்கிறார்.

மரீனாவுக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்தாகிவிட்டது. வெள்ளைச் சட்டை றோஸ் தானே தைத்தாள். படம் எடுத்தோம், கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

அண்ணன்
பேணாட்


சாம்பியா
08.06.1980

அன்புள்ள அண்ணா, மச்சாள், மரீனா,

உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். நான் இருக்கிறேன்.

நீங்கள் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டீர்கள் என்று வாசித்ததும் எனக்கு நித்திரை வந்தது, அண்ணா. அவ்வளவு நாளும் வரவில்லை. கொழும்பிலிருந்து இங்கே இன்னும் ஒன்றும் வரவில்லை. செயலாளர் உங்களுக்கு ஏதும் எழுதினாரா? ஒருமுறை கேட்டு எழுதுவீர்களா?

மழை நின்றுவிட்டது. புல் வெண்ணிறமாகக் கிடக்கிறது. தலைமை ஆசிரியரோடு நான் இப்போது சண்டை பிடிப்பதில்லை. கொழும்புப் பதில் வந்தால் அது தானாகப் பேசும் என்று பொறுத்திருக்கிறேன். மலீத்தா வகுப்பில் முதலாவது. அவளுடைய தாய் பன்னிரண்டு மைல் நடந்து வந்து எனக்கு ஒரு கோழி தந்தாள். வேண்டாம் என்றால் அவமதிப்பு என்று வாங்கினேன்.

எல்சி


பாலையூற்று
20.07.1980

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினையாதே. களஞ்சியத்தில் இருப்புக் கணக்கெடுப்பு. எல்லோரும் சுகம்.

கொழும்பிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. அரைவாசி உலகத்துக்கு ஆள் அனுப்புகிற இடம், பிந்தத்தான் செய்யும். பொறுத்திரு. கச்சான் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள்ளே கொட்டுகிறது. றோஸ் ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டுகிறாள்.

மரீனாவின் படம் இதற்குள் இருக்கிறது.

அண்ணன்
பேணாட்


சாம்பியா
21.09.1980

அண்ணா,

நான் சுகம். கையெழுத்து சரியில்லை, பொறுத்து வாசியுங்கள்.

இந்த மாதம் நாலாந் தேதி விடுதி எரிந்துவிட்டது. பின்னேரம் ஏழு மணி இருக்கும். தலைமை ஆசிரியர் ஒரு சாவீட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தார். திறப்பு அவரோடு போய்விட்டது. நான் என் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். முதலில் பிள்ளைகள் பாடுகிறார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் பாடுவார்கள். பிறகுதான் அன்று வியாழக்கிழமை என்று நினைவு வந்தது.

காவற்காரனும் நானும் மண்வெட்டியால் பூட்டை அடித்தோம். பூட்டு விடவில்லை. கதவின் பிணைச்சல் பக்கம்தான் கடைசியில் விட்டது. முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். நான் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். மலீத்தா, எனிலெஸ், ரூத். மூன்று பேரும் வரவில்லை. அவர்களுடைய கட்டில்கள் கடைசியில், சுவரோடு.

கார்த்திகை இருபத்துநாலாந் தேதி விசாரணை. எனக்கு எல்லாம் தெரிந்தும் நான் யாருக்கும் அறிவிக்கவில்லை என்று தலைமை ஆசிரியர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மாசியில் நான் சொன்னது இணைப்பாளருக்கு நினைவில்லையாம். நான் பங்குனியிலேயே கொழும்புக்கு எழுதினேன் என்றேன். தந்தி அடித்துக் கேட்டார்கள். அப்படி ஒரு கடிதம் தங்களுக்கு வரவில்லை என்று கொழும்பு சொல்லிவிட்டது. இணைப்பாளர் என் முகத்தைப் பார்த்து, "மிஸ் யேசுரட்ணம், பயத்தில் ஆட்கள் பொய் சொல்வது வழக்கம், எனக்கு விளங்குகிறது" என்றார்.

பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும். அதை உடனே அனுப்புங்கள். அதில் தேதி இருக்கும். அது போதும்.

எல்சி


பாலையூற்று
02.11.1980

எல்சி,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள். ஒவ்வொரு நாளும் எழுத இருந்து எழும்பியிருக்கிறேன்.

பற்றுச்சீட்டு இல்லை. நான் அனுப்பவில்லை.

தபாற்கந்தோர் வரைக்கும் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன். கடிதம் அலுமாரியில், மரீனாவின் ஞானஸ்நானச் சீட்டுக்குக் கீழே இருந்தது. அனுப்பினேன் என்று உனக்கு எழுதினேன். கொழும்புப் பதில் வரவில்லை என்றும் எழுதினேன். அதுவும் பொய்தான், வராது என்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

உனக்கு அப்பாவின் கதை முழுதும் தெரியாது, நீ சின்னப்பிள்ளை. துறைமுகத்தில் ஒரு கொந்தராத்துக்காரனுக்குக் கீழே வேலை செய்த காலத்தில், பாரம் தூக்குகிற சங்கிலி தேய்ந்துவிட்டது என்று அப்பா மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதினார். எழுதியது உண்மை. அடுத்த கிழமை அவருக்கு வேலை இல்லை. பிறகு ஒருத்தரும் அவரை எடுக்கவில்லை. 'பெட்டிசம் யேசுரட்ணம்' என்று பெயர். நான் பதினேழு வயதில் படிப்பை விட்டேன். அவர் கதிரையில் இருந்து இருந்தே செத்தார். உன் கடிதத்தைப் பிரித்து வாசித்தபோது எனக்கு அப்பாவின் எழுத்து மாதிரி இருந்தது. உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இங்கே உன் வேலையும் போகும், அதே பெயர் உனக்கும் வரும் என்று பயந்தேன். பங்குச்சுவாமியின் பிரசங்கத்தால் எனக்கு வந்த பெருமை போய்விடுமே என்றும் நினைத்தேன். அதை மறைத்து எழுதினால் இதுவும் பொய்யாகிவிடும்.

அந்தப் பிள்ளைகளை நான் நினைக்கவில்லை, எல்சி. ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. என் தங்கச்சியை மட்டும் நினைத்தேன்.

போன கிழமை சமாதான நீதவான் ஞானசேகரத்திடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தேன். உன் கடிதம் எந்தத் தேதி என் கைக்கு வந்தது, நான் எப்படி அதை மறித்து வைத்தேன் என்று முழுதும் இருக்கிறது. அவர் வாசித்துவிட்டு, "பேணாட், இதில கையெழுத்துப் போட்டால் உம்முடைய உத்தியோகத்துக்கும் பாதகம் வரலாம்" என்றார். "ஓம், தெரியும்" என்றேன். ஒரு பிரதியை நானே கொழும்புக்குக் கொண்டுபோய்ச் செயலாளரின் கையில் கொடுத்தேன். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். "பயந்தனான்" என்றேன். அவர் அதற்குமேல் என்னை இருக்கச் சொல்லவில்லை.

மூலப்பிரதியும் உன் கடிதமும் இதோடு வருகிறது. றோஸுக்குச் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு கதைப்பதில்லை.

மலீத்தாவின் தாயிடம் என்னைப் பற்றிச் சொல். மறைக்காமல் சொல். அவள் என்ன சொன்னாலும் அதை எனக்கு எழுது.

உன் கைக்கு என்ன நடந்தது?

பேணாட்


சாம்பியா
18.01.1981

அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் மரீனாவும் சுகமாக இருக்கவேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் விசாரணைக்கு நாலு நாளைக்கு முன்னம் வந்தது. விசாரணையில் உங்கள் சத்தியக்கடதாசியைக் கொடுத்தேன். இணைப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்தார், என்னைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இனி எந்த விடுதிக்கும் வெளியில் பூட்டுப் போடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அச்சடித்த ஒரு தாள்.

அன்று தீப்பட்ட என் வலது கையில் இரண்டு விரல் மடங்காது. சுண்ணக்கட்டியை இடது கையால் பிடிக்கப் பழகிவிட்டேன்.

நீங்கள் எழுதியதை வாசித்து உங்களை வெறுக்கப் பார்த்தேன். அதுவும் முழுதாக ஏலவில்லை. நீங்கள் அனுப்பினேன் என்று எழுதியதும் நான் நிம்மதியாகப் படுத்தேன் அல்லவா? மழை நின்று, புல் காய்ந்து, என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் பூட்டு விழுந்தது. மண்வெட்டி எந்த நாளும் என் வாசலில்தான் கிடந்தது. ஆனி மாதமே அந்தப் பிணைச்சலைப் பெயர்த்திருக்கலாம். கடிதம் எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் முடிந்தாலும் நான் உடனே வரமாட்டேன். இன்னும் இரண்டு வருடம் இங்கேயே கேட்டிருக்கிறேன். தந்துவிட்டார்கள்.

நத்தாருக்கு அடுத்த நாள் மலீத்தாவின் வீட்டுக்கு நடந்து போனேன். தாய் சோளம் குற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் சொல்லச் சொன்னபடி ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். என் மொழி இன்னும் அரைகுறைதான், ஆனால் அவளுக்கு விளங்கியது. உலக்கையை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும், உரலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நானும் அந்தப் பூட்டைப் பாத்தனான். பிள்ளையை விட வந்த அண்டைக்கே பாத்தனான். படிச்ச ஆக்கள் செய்யிறது சரியாத்தான் இருக்கும் எண்டு ஒண்டும் கேக்கேல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். அவள் உங்களை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணா. அவள் அதை உங்களுக்காகச் சொல்லவில்லை.

எல்சி